மூன்றாவது வாளி

எங்கள் பள்ளத்தாக்கில் ரெய்லீன் டாரன்ட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவள் தம்பி நெவில், 'ரே' என்று சுருக்கிக் கூப்பிடுவான். இன்னொருவன் நான். மற்ற எல்லோருக்கும் அவள் பலூன். அவள் ஓட்டுகிற பள்ளிக்கூடப் பஸ்ஸில் முதல் நாள் ஏறுகிற பொடிசுகூட, "குட்மார்னிங் பலூன்" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறும். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. "பேர் வெச்சவன் நாசமாப் போக, நீ ஏறி உக்காரு" என்பாள்.

ஆள் ஒல்லி. ஊதின உடம்பு இல்லை. ஊதினது அவள் வளர்க்கிற பூசணி.

டாஸ்மேனியாவில் இந்த மூலையில் மார்ச் கடைசியில் ஆப்பிள் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் எங்கள் ஊர்ச் சந்தைவிழா வரும். ஆடு, கேக், மரம் வெட்டும் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் நிற்பது பூசணிக் கொட்டகையில்தான். ஆப்பிள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். பெரிய பூசணியைத் தூக்க என் வண்டி வேண்டும், நிறுக்கக் கிடங்கின் தராசு வேண்டும். அதனால் டேப்பும் தராசும் என் கைக்கு வந்து சேர்ந்தன. என் தீர்ப்பு பிடிக்காதவர்கள் என் தாடியைத் திட்டுவார்கள். அதோடு சரி.

தூக்குவதற்கு முன் டேப் பிடிப்போம். இடுப்பைச் சுற்றி ஒரு அளவு. காம்புப் பக்கத்திலிருந்து முதுகு வழியாகப் பூ விழுந்த முனைவரை ஒரு அளவு. இந்தப் பக்கத் தரையிலிருந்து அந்தப் பக்கத் தரைவரை குறுக்கே ஒரு அளவு. மூன்றையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்திருக்கும் அட்டவணையைப் பார்த்தால், இத்தனை கிலோ இருக்கலாம் என்று சொல்லும். இருக்கலாம், அவ்வளவுதான். பூசணி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் டேப்புக்குத் தெரியும். அந்த இடத்துக்குள் எவ்வளவு சதை அடைந்திருக்கிறது என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும். பரிசு தராசுக்கு.

ரெய்லீனின் பூசணி டேப்பில் எப்போதும் முதல். தராசில் ஏறினால் நாற்பது கிலோ குறையும். வருஷா வருஷம் நாற்பது. வெளியே யானை மாதிரி இருக்கும், உள்ளே சுவர் மெலிந்து நடுவில் ஒரே காற்று. வேலிக்கு அந்தப் பக்கம் நெவிலின் தோட்டம். அப்பாவின் ஒரே நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள். மண் ஒன்று, விதையும் ஒன்று. ஆனால் நெவிலின் பூசணி பார்க்கச் சின்னது, கையால் தட்டினால் 'தொம்' என்று ஈரமூட்டை மாதிரி சத்தம் வரும். ரெய்லீனுடையது 'டங்' என்னும். கோப்பை நெவில் வீட்டுக்குப் போகும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டேப் சொன்னதற்கு மிக அதிகமாக எடை குறைந்த பூசணி எதுவோ, அதை ஞாயிற்றுக்கிழமை குட்டைக் கரையில் வெட்டிக் குடைந்து படகாக்குவோம். வளர்த்தவரே அதில் உட்கார்ந்து, தலையில் தீயணைப்புக்காரர்களின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, குட்டையைத் தாண்ட வேண்டும். ரெய்லீனுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் நெவில் பிடித்துக்கொள்வான். வருஷம் முழுக்க அவளைக் கிண்டல் செய்கிறவன், அந்தக் கயிற்றை வேறு ஒருத்தர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை.

விசித்திரம் என்னவென்றால், பாரம் என்பது ரெய்லீனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மரஅறுப்பு ஆலை மேட்டில் மண்சாலை. பஸ்ஸின் பின்பக்கம் லேசாக இருந்தால் மழை நாளில் சக்கரம் வழுக்கும். மேடு ஏறுமுன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பாள்.

"டேய் ஹேமிஷ், நீயும் உன் மூட்டையும் பின்னாடி போங்க. சோஃபி, நீ காத்து மாதிரி இருக்க, முன்னாடி வா. யாருடா அது பின்னாடி சாப்பாட்டு டப்பாவ காலி பண்றது? மேடு ஏறின பிறகு தின்னு, கனம் குறையுது!"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இடம் மாறும். பஸ் வழுக்காமல் ஏறும். இதைச் செய்கிறவளால் ஒரு பூசணிக்குள் கனம் ஏற்ற முடியவில்லை. அது அவளை அரித்தது. சிரித்துத்தான் பேசுவாள், ஆனால் பஸ்ஸை நிறுத்தித் துடைக்கிற நேரத்தில் என்னிடம் கேட்பாள்: "தாடி, அவன் என்னதான் பண்றான் அந்தப் பக்கம்?"

"கேட்டுப் பாரேன்."

"கேட்டேனே. 'பூசணிகிட்ட அன்பாப் பேசறேன்'ங்கறான். அவன் பொண்டாட்டிகிட்டயே பேசாதவன்."

போன கோடையில் வேலியோரம் நின்று பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் பக்கம் ஜனவரிதான் நடுக்கோடை. அது பிறந்ததும் நெவில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறான். இவள்தான் அன்பு மிகுதியில் காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டு, அது நாளுக்கு நாள் ஊதுவதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தவள். அந்தக் கோடையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குழாயை மூடினாள். இலை துவண்டபோது என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள், தோட்டத்தில் இருந்தால் கை தானாகத் திறந்துவிடுமாம்.

பிப்ரவரியில் மழை கொட்டியது. அதை யாரால் மூட முடியும்? பூசணிமேல் தார்ப்பாய் போட்டு வைத்தாள்.

விழாவுக்கு முந்தின வாரம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "தட்டு."

தட்டினேன். 'தொம்.'

"இன்னொரு தரம் தட்டு."

'தொம்.'

"கேட்டியா? கேட்டியா தாடி?" என்று கேட்டுக்கொண்டே பூசணியைக் கட்டிக்கொண்டாள். அறுபது வயசுப் பொம்பளை, கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சனிக்கிழமை டேப் பிடித்தேன். ரெய்லீனுடையதற்கு அட்டவணை முந்நூற்றுப் பத்து கிலோ சொன்னது. நெவிலுடையதற்கு முந்நூற்று ஒன்று. முதலில் நெவிலின் பூசணியைத் தராசில் இறக்கினேன். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. முதன்முறையாக அவனுக்கும் ஐந்து கிலோ குறைந்தது. கூட்டம் 'ஓ' என்றது. பிறகு ரெய்லீனுடையது. முள் ஏறிக்கொண்டே போய் முந்நூற்று இருபத்திரண்டில் நின்றது.

டேப்பைவிடப் பன்னிரண்டு கிலோ கூடுதல்! நெவிலைவிட இருபத்தாறு!

கொட்டகையில் கூச்சல். ரெய்லீன் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வருஷக்கணக்காகத் தன் வீட்டு அலமாரியில் இருந்த கோப்பையை அவள் கையில் திணித்தான்.

"இந்தா. தூசி தட்டி வெச்சிருக்கேன். இனிமே நீ தட்டு."

"அழறியாடா நெவ்?"

"கண்ணுல மகரந்தம்" என்றான், பூவெல்லாம் உதிர்ந்துபோன மார்ச் மாதத்தில்.

அதற்குள் யாரோ ஒருவர் கணக்குப் போட்டுவிட்டார். மற்ற பூசணிகள் எல்லாம் டேப்பை ஒட்டியே வந்துவிட்டன. ரெய்லீனுடையது தாண்டிவிட்டது. ஆக, அதிகம் குறைந்தது நெவிலுடையதுதான். ஐந்து கிலோ குறைந்தாலும் குறைச்சல் குறைச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை படகில் போக வேண்டியது அவன்.

நெவில் நூற்று முப்பது கிலோ.

"உன்ன ஏத்தினா பூசணி முழுகாது நெவ், குட்டைதான் வழியும்" என்றார் கசாப்புக்கடைக்காரர். கொட்டகையே குலுங்கியது.

அன்று சாயங்காலமே தராசு கிடங்குக்குத் திரும்பிப் போய்விட்டது. ஆப்பிள் லாரி ஞாயிற்றுக்கிழமையும் வரும், தராசு இல்லாமல் கிடங்கு ஓடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை குட்டைக் கரையில் ஊரே கூடியிருந்தது. நெவில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்தான். அது அவனுக்கு முன்னால் சேரவில்லை. தீயணைப்புத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குட்டையைப் பார்ப்பதும் தன் பூசணியைப் பார்ப்பதுமாக நின்றான். படகுக்கு முன்னால் ஜெயித்த பூசணியை வெட்டி அதன் விதையை ஊருக்குப் பங்கிட வேண்டும். அதுவும் வழக்கம்.

ரெய்லீன் நீளமான கத்தியைக் காம்புக்குக் கீழே இறக்கினாள். நான் பக்கத்தில் பூசணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கத்தி உள்ளே போனதும் புளித்த வாடையோடு பழுப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் பீச்சியடித்தது.

காம்புக்கு அடியில் விரல் நுழையாத ஒரு வெடிப்பு. தார்ப்பாயிலிருந்து வடிந்த பிப்ரவரி மழை அதன் வழியாக உள்ளே இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. 'தொம்' என்று சத்தம் போட்டது அதுதான்.

அவள் கத்தியை எடுத்தாள். முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பார்த்தவர்கள் நாங்கள் நான்கைந்து பேர்தான். நெவில் கிட்டே வந்து குனிந்தான், வெடிப்பைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல, சாறு" என்றான் மெதுவாக. "வெட்டு ரே. விதைய எடு. ஜனம் காத்திருக்கு."

"சாறா? மோந்து பார்."

"எனக்கு மூக்கடைப்பு."

"நெவ், இது மழைத் தண்ணி. தராசுல ஏறினது தண்ணியா பூசணியான்னு எனக்குத் தெரியணும்."

"எதுக்குத் தெரியணும்? சட்டத்துல என்ன போட்டிருக்கு? உள்ள எதையும் வெக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. நீயா வெச்ச? மழை வெச்சது. மழையப் போய்க் கேளு." அவன் இப்போது கூட்டத்தைப் பார்த்து உரக்கப் பேசினான். "ஜெயிச்சது ஜெயிச்சதுதான்! நான் படகுல போறேன், முடிஞ்சுது!"

முழுகிப் போவதற்காக வாதாடிய மனிதனை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீ போய் முழுகு, வேணாங்கல" என்றாள் ரெய்லீன். "ஆனா கேளு. நான் கோடை முழுக்கக் குழாய மூடி வெச்சேன். எல சாகறதப் பாத்துக்கிட்டே மூடி வெச்சேன். அது வேல செஞ்சுதா இல்லையான்னு தெரியாம அடுத்த வருஷம் எப்படி வளப்பேன்? மழை பெய்யுமான்னு வானத்தப் பாத்துக்கிட்டா? தாடி, தராசு எங்க?"

"கிடங்குல. திங்கள்கிழமை வரைக்கும் தர மாட்டாங்க."

"சரி. வாளி கொண்டா."

ஒன்பது லிட்டர் வாளிதான் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டு வந்தது அது ஒன்றைத்தான். அவள் நெவிலை ஜெயித்தது இருபத்தாறு கிலோவில். உள்ளே இருபத்தாறு லிட்டருக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் கோப்பை அவளுக்கு. அதிகமாக இருந்தால் நெவிலுக்கு. கூட்டத்துக்கு இதைச் சொன்னதும் படகை மறந்துவிட்டுப் பூசணியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது.

மூடி மாதிரி மேல்பக்கத்தை வெட்டித் தூக்கி வைத்தோம். ஒரு குவளையால் மொண்டு, மீன் வலையில் வடிகட்டி, வாளியில் ஊற்றினாள். வலையில் தங்கின விதையையும் நாரையும் ஒரு தட்டில் போட்டாள். "அது பூசணிதான், அது என் கணக்கு" என்றாள்.

முதல் வாளி நிரம்பியது. ஒன்பது. இரண்டாவது நிரம்பியது. பதினெட்டு.

"இன்னும் எட்டு வரைக்கும் பொழச்சுது" என்றேன்.

மூன்றாவது வாளி ஏறியது. பாதி. முக்கால். கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. ரெய்லீனின் கை மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. வாளியின் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இருக்கும்போது குவளை உள்ளே சுரண்டுகிற சத்தம் கேட்டது. அடியில் இன்னும் கொஞ்சம் பளபளத்தது.

அப்போதுதான் நெவில் எதையோ பார்க்கக் குனிகிறவன் மாதிரி ஒரு காலை முன்னால் வைத்தான். வாளி உருண்டது. தண்ணீர் முழுக்கப் புல்லில்.

"அடடா" என்றான். "கால் தெரியல. இந்தச் சட்ட வேற மறைக்குது."

கூட்டம் கத்தியது. "நடிக்காதடா!" "போச்சு, போச்சு!" "இனிமே யாருக்கும் தெரியாது!" நெவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது சிவந்திருந்தது.

ரெய்லீன் அவனைத் திட்டவில்லை. பூசணிக்குள் தலையை விட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"தாடி, பாரு. உள்ள கோடு இருக்கு."

பார்த்தேன். உள்சுவரைச் சுற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில், நாரும் கசடும் ஒட்டிப் பழுப்பாக ஒரு வளையம். குளித்துவிட்டுப் போன தொட்டியில் அழுக்கு நிற்குமே, அப்படி.

"பூசணி நகரல. நின்ன எடத்துலயே நிக்குது. அடியில இருக்கறதையும் துணியால ஒத்தி எடு. குட்டைல இருந்து தண்ணி கொண்டா. கோடு வரைக்கும் ஊத்தி எத்தன வாளின்னு எண்ணலாம். எவ்ளோ எடத்த அடைச்சுதோ அவ்ளோதான் இருந்துது." தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "நீ தூரமாப் போய் நில்லுடா, எருமை. ரெண்டு காலும் எனக்குத் தெரியற மாதிரி நில்லு."

"குட்டைத் தண்ணியும் அந்தச் சாறும் ஒரே கனமா?" என்றான் நெவில், விடாமல்.

"சாறு கொஞ்சம் கூடத்தான் கனம். அதையும் சேத்தா எனக்கு இன்னும் நஷ்டம். சேக்கட்டுமா?"

அவன் தூரமாகப் போய் நின்றான்.

முதல் வாளியை நான் ஊற்றினேன். இரண்டாவதையும். மூன்றாவதை அவளே வாங்கி ஊற்றினாள், மெல்ல, ஓரமாக, அலை அடங்க விட்டு விட்டு. எட்டு லிட்டர் அளவைத் தாண்டினபோதும் கோடு மேலே இருந்தது. வாளி முழுக்கக் காலியானது. கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இன்னும் ஒரு நகத்தளவு இடம். யாரோ தேநீர்க் கோப்பையை நீட்டினார்கள். அதையும் ஊற்றினாள். தொட்டது.

இருபத்தேழு லிட்டரும் ஒரு கோப்பையும்.

"போச்சு" என்றேன் நான். வேறு என்ன சொல்ல? ஒரு கிலோ சொச்சத்தில் போய்விட்டது.

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கோப்பை மேசைமேல் வெயிலில் மின்னியது. கூட்டத்தில் ஒருத்தரும் பலூன் என்று சொல்லவில்லை. நெவில் பக்கத்தில் வந்து நின்றான், என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளில் இருந்த ஒரு விதையைத் தட்டிவிட்டான்.

ரெய்லீனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கணக்குப் போடுகிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"தாடி. முந்நூத்தி இருபத்திரண்டுல இருபத்தேழு போனா?"

"இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு. கொஞ்சம் கம்மி."

"டேப் என்ன சொல்லிச்சு?"

"முந்நூத்திப் பத்து."

"பதினஞ்சு!" எழுந்துவிட்டாள். "டேய் நெவ், பதினஞ்சுதான்டா கொறைஞ்சிருக்கு! நாப்பது கொறையறவளுக்குப் பதினஞ்சு! சுவரப் பாரு, கையவிட்டுப் பாரு, எவ்ளோ தடிப்பு! குழாய மூடினது வேல செஞ்சிருக்குடா!"

நெவில் கையை விட்டுப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அடிப்பாவி. என்னுதுக்குக் கிட்ட வந்திருச்சு."

"அடுத்த வருஷம் உன்னுத முழுங்கிரும். கழட்டு அந்தச் சட்டய."

"ஏன்?"

"நீ அஞ்சு, நான் பதினஞ்சு. படகு யாருது? தொப்பியக் குடு."

கோப்பையை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அவன் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இன்னொரு கையால் கயிற்றை எடுத்து, வழக்கம்போல இரண்டு முடிச்சுப் போட்டு அவள் இடுப்பில் கட்டினான். இழுத்துப் பார்த்தான். மூன்றாவதாக ஒரு முடிச்சும் போட்டான்.

அவள் பூசணியில் ஊற்றின தண்ணீரை இறைத்துவிட்டு, குடைந்து குட்டையில் தள்ளினோம். அவள் ஏறி உட்கார்ந்தாள். முந்தைய வருஷங்களில் அவள் படகுகள் தக்கை மாதிரி உயரமாக மிதந்து, காற்றில் தட்டாமாலை சுற்றும். கூட்டம் அதற்குத்தான் சிரிக்கும். இந்த முறை அது சுற்றவில்லை. கனமாக, கம்பீரமாகத் தாழ்ந்து உட்கார்ந்தது. நாலு துடுப்பு போட்டதும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல்தான் மிச்சம்.

நடுக்குட்டையில் துடுப்பை நிறுத்தினாள். விளிம்பில் கையை வைத்து ஆழம் பார்த்தாள். தொப்பி சரிந்த தலையோடு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாடா நெவ்! எவ்ளோ ஆழமா உக்காருது பாரு! இதுக்கு முன்னாடி என்னிக்காவது இவ்ளோ ஆழமா உக்காந்திருக்கா?"

"ரே, தண்ணி உள்ள வருது!"

"வரட்டும்! கனம்டா, கனம்!"

தண்ணீர் ஒரு பக்கமாக மெல்ல ஏறி அவள் மடியில் இறங்கியது. அவள் சிரித்துக்கொண்டே அதற்குள் உட்கார்ந்திருந்தாள். நெவில் கோப்பையைக் கரையில் வீசிவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, பூட்ஸோடு குட்டைக்குள் இறங்கினான்.

கோப்பை உருண்டு வந்து என் காலடியில் நின்றது. நான் எடுக்கவில்லை. தட்டில் இருந்த அவள் பூசணி விதைகளை ஜனங்கள் ஒவ்வொருத்தராக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்வதற்குள் நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.